அழித்தெழுதும் தகடு

கணிப்பொறியில் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்து, அழித்து எழுதத்தக்க குறுந்தகடு ஒன்றில் நகலெடுத்து வைக்கிறோம். சில நாள் கழித்து அத்தகட்டிலிருந்தே கட்டுரையைத் திறந்து, ஒரு வரியைத் திருத்திச் சேமிக்க முயல்கிறோம். 'இது படிப்பதற்கு மட்டுமே உரிய கோப்பு' என்று கணிப்பொறி மறுத்துவிடுகிறது. தகட்டின் உறையை எடுத்துப் பார்த்தால், ஆயிரம் முறை அழித்து எழுதலாம் என்று அச்சிட்டிருக்கிறது! 1997-ஆம் ஆண்டில் இவ்வகைத் தகடுகள் கடைக்கு வந்தது முதல் பல ஆண்டுகள் பலரும் சந்தித்த குழப்பம் இது. ஆய்வேட்டின் இயல்களை இத்தகடுகளில் சேர்த்து வைத்த மாணவர்களுக்கு இது வெறும் குழப்பமாக மட்டும் நிற்கவில்லை. திருத்திய படி எது, திருத்தாத படி எது என்று தெரியாமல் பல நகல்கள் பெருகின.

பொய் சொன்னது தகடா, கணிப்பொறியா? இரண்டுமே உண்மையைத்தான் சொல்லின. அழிக்க முடிவது தகட்டில் பூசிய பொருளின் பண்பு. திருத்த முடிவதோ, அப்பொருளின் மேல் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையின் பண்பு. இவை இரண்டும் தனித்தனியே வளர்ந்தவை. அடுக்கும் முறை வகுக்கப்பட்ட நாளில், அழிக்கத்தக்க குறுந்தகடு சந்தையிலேயே இல்லை. கதையை அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

கல்லில் வெட்டிய எழுத்து

பிலிப்ஸ் நிறுவனமும் சோனி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய குறுந்தகடு 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அது இசைக்காகப் பிறந்த கருவி. 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பாலிகார்பனேட் தகட்டில் நுண்ணிய குழிகளை அச்சு கொண்டு அழுத்தி, அதன் மேல் அலுமினியம் பூசுவார்கள். குழிகள் உள்ளிருந்து வெளியே செல்லும் ஒரே சுருள் பாதையில் வரிசையாக அமைந்துள்ளன. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரோமீட்டர்; அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 625 சுற்றுகள். (தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் வானவில் நிறங்கள் தோன்றுவது இதனால்தான். கீற்றணி வாங்க வசதியில்லாத பள்ளிகள் பழைய குறுந்தகட்டைக் கொண்டே விளிம்பு விளைவைக் காட்டிவிடலாம்.)

இக்குழிகளைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி. குழியின் ஆழம், தகட்டின் பொருளுக்குள் அவ்வொளிக்கு உள்ள அலைநீளத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. குழியில் பட்டுத் திரும்பும் ஒளியும், பக்கத்துச் சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அரை அலைநீளம் வேறுபட்டு ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. ஆகவே குழிக்கு மேல் செல்லும்போது திரும்பி வரும் ஒளி மங்குகிறது. ஒளியின் இந்த ஏற்றத்தாழ்வே இசையாகிறது.

1980-களின் நடுவில் இதே தகட்டில் கணிப்பொறிக்குரிய செய்திகளையும் பதிக்கத் தொடங்கினர். ஒரு தகட்டில் 600 மெகாபைட்டுக்கும் மேல் கொள்ளும். ஒரு பிளாப்பியில் ஒரு மெகாபைட்டு அளவே கொண்ட நாளில் இது மலைக்க வைத்த அளவு. ஆனால் கோப்புகளை அடுக்குவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. பொதுமுறை ஒன்றை வகுக்க 1985-இல் அமெரிக்காவின் டாஹோ ஏரிக்கரையில் இருந்த ஹை சியரா என்ற விடுதியில் பல நிறுவனங்களின் வல்லுநர்கள் கூடினர். அங்கே உருவான திட்டம் விடுதியின் பெயராலேயே வழங்கியது. சிற்சில மாற்றங்களுடன் 1988-இல் அது ஐ.எஸ்.ஓ. 9660 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று.

இத்தரத்தில் நம் கதைக்கு முக்கியமானது, அதில் இல்லாத ஒன்று. வன்தட்டிலும் பிளாப்பியிலும் எந்த இடம் காலியாக உள்ளது என்று காட்டும் பட்டியல் ஒன்று கட்டாயம் இருக்கும். கோப்பு வளர்ந்தால் அப்பட்டியலைப் பார்த்துப் புதிய இடம் ஒதுக்கலாம். ஐ.எஸ்.ஓ. 9660-இல் அப்படியொரு பட்டியலே கிடையாது. கோப்புகள் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக அமரும், ஒவ்வொன்றின் தொடக்க இடமும் நீளமும் பெயர்ப் பட்டியலில் ஒருமுறை எழுதப்படும், அவ்வளவுதான். கல்வெட்டில் ஒரு சொல்லைச் சேர்க்க இடம் விட்டு வெட்டுவதில்லை அல்லவா? அதே எண்ணம்தான் இங்கும். தொழிற்சாலையில் அச்சிட்ட தகட்டை யாரும் திருத்தப் போவதில்லை என்பதால் இதைக் குறையென்று சொல்ல முடியாது. படிப்பதற்கு விரைவான, எளிய, எந்தக் கணிப்பொறிக்கும் பொதுவான முறை அது. இன்றும் அம்முறையில் எழுதிய தகடுகள் சிக்கலின்றிப் படிக்கப்படுகின்றன.

கல்லூரி காணாத அறிஞர்

இனி பொருளின் கதைக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு ஓவ்ஷின்ஸ்கி 1922-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரில் பிறந்தவர். கல்லூரியில் படித்தவர் அல்லர். பட்டறையில் எந்திரங்களைக் கையாண்டு, நூலகத்தில் தாமே படித்துத் தேறியவர். 1960-இல் மனைவி ஐரிஸுடன் சேர்ந்து ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அந்நாளில் குறைகடத்தி ஆய்வு என்றாலே தூய படிகங்களைப் பற்றிய ஆய்வுதான். ஓவ்ஷின்ஸ்கியோ டெல்லூரியம், ஆர்செனிக், சிலிக்கன், ஜெர்மானியம் ஆகியவை கலந்த, படிக உருவற்ற கண்ணாடி போன்ற பொருள்களை எடுத்துக்கொண்டார். இவற்றின் மின்தடையைத் திடீரெனக் குறைக்கவும் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியும் என்று 1968 நவம்பரில் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்டார். பட்டமில்லாத ஒருவரின் இக்கூற்றை ஐயத்துடன் பார்த்தவர் பலர். ஒழுங்கற்ற பொருள்களின் இயற்பியலுக்காக 1977-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான நெவில் மாட் போன்றோர் அதைப் பொருட்படுத்தி ஆராய்ந்தனர்.

மின்சாரத்தால் முடிவது ஒளியாலும் முடியும் என்பதை ஓவ்ஷின்ஸ்கியின் குழுவினர் 1971-இல் காட்டினர். லேசர் ஒளி பட்ட இடம் படிகமாகிறது. மீண்டும் வேறு விதமாக ஒளியைச் செலுத்தினால் படிக உருவற்ற நிலைக்குத் திரும்புகிறது. இதன் அடிப்படை நம் சமையலறையிலும் உண்டு. சர்க்கரையை உருக்கிச் சட்டென்று குளிர வைத்தால் கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கிறது. மூலக்கூறுகள் வரிசைப்பட நேரம் கிடைக்கவில்லை. மெல்ல ஆற விட்டால் கற்கண்டுபோல் படிகம் கட்டும். அழித்தெழுதும் குறுந்தகட்டில் வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் ஆகிய நான்கும் கலந்த மெல்லிய படலம் இருக்கிறது. லேசரை உயர்ந்த திறனில் ஒரு கணம் செலுத்தினால் அவ்விடம் உருகி, உடனே உறைந்து, படிக உருவற்ற புள்ளியாகிறது. நடுத்தரத் திறனில் செலுத்தினால் உருகாமல், ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி மீண்டும் படிகமாகிறது. படிகம் ஒளியை நன்றாக எதிரொளிக்கும். மற்றது குறைவாக எதிரொளிக்கும். மிகக் குறைந்த திறனில் செலுத்தி இவ்வேறுபாட்டைப் படிக்கலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு வர இருபது ஆண்டுக்கும் மேல் ஆயிற்று. காரணத்தை ஒரு சிறு கணக்கில் காணலாம். குறுந்தகடு லேசருக்கு அடியில் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. லேசர்ப் புள்ளியின் அகலம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். ஆகவே எந்த ஓர் இடமும் ஒளிக்கு அடியில் இருக்கும் நேரம் ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவு. அதற்குள் அணுக்கள் வரிசைப்பட்டுப் படிகமாகிவிட வேண்டும். தொடக்ககாலக் கலவைகளுக்கு இந்த வேகம் போதவில்லை. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தில் நொபோரு யமாடாவும் அவர் குழுவினரும் 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மானியம், ஆன்டிமனி, டெல்லூரியம் சேர்ந்த கலவைகளைக் கண்டனர். இவை 100 நானோநொடிக்கும் குறைந்த நேரத்தில் படிகமாகக் கூடியவை. அதன் பிறகே பாதை திறந்தது.

இதற்கிடையே வேறொரு வழியும் நடைமுறையில் இருந்தது. காந்தப் படலம் ஒன்றை லேசரால் கியூரி வெப்பநிலைக்குச் சூடாக்கி, புறக்காந்தப் புலத்தால் அதன் திசையைத் திருப்புவது அம்முறை. 1988-இல் வெளிவந்த நெக்ஸ்ட் கணிப்பொறியில் 256 மெகாபைட்டு கொண்ட இத்தகைய தகடு இருந்தது. அதில் கோப்புகளைத் தாராளமாகத் திருத்தலாம். பொருமிப் பொருமி வேலை செய்யும் என்பதுதான் குறை. ஆனால் சாதாரணக் குறுந்தகட்டுக் கருவியால் அதைப் படிக்க முடியாது. குறுந்தகட்டுக் குடும்பத்தோடு உறவு வைத்துக்கொண்டே அழித்தெழுத வேண்டும் என்ற ஆசையிலிருந்துதான் 1997-இன் தகடு பிறந்தது. அந்த உறவும் முழுமையாக இல்லை. அச்சிட்ட தகடு 70 விழுக்காட்டுக்கு மேல் ஒளியை எதிரொளிக்க, இது 15 முதல் 25 விழுக்காடு வரையே எதிரொளித்தது. பழைய கருவிகள் பலவற்றின் கண்ணுக்கு இத்தகடு தென்படவே இல்லை.

ஓர் எழுத்தை மாற்ற முடியாதது ஏன்?

பொருள் தயார். ஒரு புள்ளியை அழித்து வேறு புள்ளி எழுதலாம். அப்படியானால் ஒரு கோப்பில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி எழுதிவிட முடியாதா? முடியாது. தடுப்பது குறுந்தகட்டின் மிகச் சிறந்த குணமேதான்.

தகட்டில் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்தாலும் பாட்டு தடைப்படுவதில்லை. இதற்காக 1980-லேயே பிலிப்ஸும் சோனியும் ஓர் உத்தியைக் கையாண்டனர். அடுத்தடுத்த பைட்டுகளைத் தகட்டில் அடுத்தடுத்து எழுதாமல், கலைத்துத் தூவி எழுதினர். ஒவ்வொரு சட்டத்திலும் 24 பைட்டு செய்தியும் 8 பைட்டு பிழைதிருத்தக் குறியீடும் உண்டு. ஒரு சட்டத்துக்குரிய பைட்டுகள் 108 சட்டங்களின் தொலைவுக்குப் பரப்பப்படுகின்றன. கீறல் ஓரிடத்தில் விழுந்தால் பல சட்டங்களில் ஒவ்வொரு பைட்டுதான் கெடும். மீதமுள்ளவற்றைக் கொண்டு அதைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். நாற்றுகளை ஒரே பாத்தியில் நடாமல் பத்து வயலில் பிரித்து நடுவது போன்ற முன்யோசனை.

ஆனால் கணிப்பொறிக் கோப்பின் அலகான செக்டார் 98 சட்டங்களால் ஆனது. பரப்பும் தொலைவோ 108 சட்டங்கள். எனவே ஒரு செக்டாரின் பைட்டுகள் அதற்கு அடுத்த செக்டார்களின் நிலத்திலும் கலந்து கிடக்கின்றன. ஒன்றை மட்டும் பெயர்த்து எழுதினால் அண்டை வீடும் இடியும். கீறலிலிருந்து காக்கப் போட்ட வேலி, திருத்த வந்தவரையும் உள்ளே விடவில்லை!

பொறியாளர்கள் கண்ட வழி இது. 32 செக்டார்களை ஒரு பொட்டலமாகக் கட்டுவது. பொட்டலங்களுக்கு இடையே 7 செக்டார்களைப் பயன்படுத்தாமல் இடைவெளியாக விடுவது. கலந்து பரவும் பைட்டுகள் அந்த இடைவெளியோடு நின்றுவிடும். ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானால் அது இருக்கும் பொட்டலம் முழுவதையும், அதாவது 64 கிலோபைட்டையும் நினைவகத்துக்குக் கொண்டுவந்து, மாற்றி, மறுபடி எழுத வேண்டும். இடைவெளிக்குக் கொடுத்த விலை என்ன? 39 செக்டாரில் 32 மட்டுமே பயன்படுவதால், 650 மெகாபைட்டுத் தகட்டில் சுமார் 530 மெகாபைட்டுதான் கோப்புகளுக்குக் கிடைத்தது. தகடு கெட்டுவிட்டதோ என்று அஞ்சியவர்கள் உண்டு. கெடவில்லை, மீதி வேலிக்குப் போயிற்று.

இந்தப் பொட்டலங்களின் மேல் கோப்புகளை அடுக்கப் புதிய முறையும் வேண்டியிருந்தது. ஒளித்தகட்டுத் தொழில் நிறுவனங்களின் சங்கம் ஒன்று 1995-இல் யூ.டி.எஃப். என்ற முறையை வெளியிட்டது. அதில் காலி இடப் பட்டியல் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் படிக்க, எழுத, நீக்க என்று தனித்தனி அனுமதிகளும் உண்டு. 1997-இல் வந்த அதன் 1.50 பதிப்பு ஒரு நுட்பமான சிக்கலைத் தீர்த்தது. ஆயிரம் முறை எழுதலாம் என்பது ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே உள்ள கணக்கு. எந்தக் கோப்பைத் தொட்டாலும் பெயர்ப் பட்டியலைத் திருத்தியாக வேண்டும். ஆகவே கோப்புகள் இருக்கும் இடம் புதிதாகவே இருக்க, பட்டியல் இருக்கும் இடம் மட்டும் விரைவில் தேய்ந்துவிடும். தேய்ந்த பொட்டலத்துக்குப் பதிலாக வேறிடத்தில் உள்ள மாற்றுப் பொட்டலத்தைக் காட்டும் அட்டவணை ஒன்று 1.50 பதிப்பில் சேர்க்கப்பட்டது. டைரக்ட் சி.டி., இன்சி.டி. முதலிய மென்பொருள்கள் இம்முறையைப் பயன்படுத்தியவை. பிளாப்பியைப் போலவே கோப்பை இழுத்துப் போடலாம், திருத்தலாம், நீக்கலாம் என்று அவை அறிமுகப்படுத்தப்பட்டன. பட்டியல் எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் போனால் 64 கிலோபைட்டும் போகும், பட்டியலோடு தகட்டிலுள்ள அனைத்துமே கைக்கெட்டாமல் போகலாம் என்பதை அதே அளவு பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒட்டிக்கொண்டு வந்த அடையாளம்

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். அழித்தெழுதும் தகடாகவே இருந்தாலும், அதில் கோப்புகளை ஐ.எஸ்.ஓ. 9660 முறையில் அடுக்கி எழுதியிருந்தால் அது கல்வெட்டுத்தான். முழுத் தகட்டையும் அழித்து மறுபடி எழுதலாம். ஒரு கோப்பைத் திருத்த முடியாது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இயக்க அமைப்பில் குறுந்தகடு எழுதும் வசதி இருந்தது. அது இந்த முறையில்தான் எழுதியது. யூ.டி.எஃப். தகடுகளை அது படிக்கும். தனி மென்பொருள் இல்லாமல் அவற்றில் எழுதாது.

இதைவிட விந்தையானது, நகலெடுத்த பின்னும் தொடர்ந்த தொல்லை. தகட்டிலிருந்து கோப்பை வன்தட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அது திருத்தத்தை மறுத்தது. வன்தட்டுக்கு என்ன தடை?

எம்.எஸ். டாஸ் இயக்க அமைப்பின் நாளிலிருந்து, பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டு கொண்ட பதிவு ஒன்று உண்டு. அதில் 12-ஆவது பைட்டு கோப்பின் தன்மையைக் குறிக்கும். அந்தப் பைட்டின் கடைசி பிட் 1 என்று இருந்தால் 'படிக்க மட்டும்' என்று பொருள். குறுந்தகட்டில் அப்படியொரு பிட் எழுதப்படுவதே இல்லை. அங்கே அதற்குத் தேவையும் இல்லை. தகட்டைப் படிக்கும்போது, இதிலுள்ளவை எவையும் திருத்த முடியாதவை என்று விண்டோஸ் தானாகவே எல்லாக் கோப்புகளுக்கும் அந்த அடையாளத்தைச் சூட்டியது. தகட்டைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் விண்டோஸ் 95, 98 முதலியவற்றில் கோப்பை இழுத்துப் போட்டால், சூட்டிய அடையாளமும் கூடவே வன்தட்டுக்கு வந்து, அங்கே உண்மையாகவே எழுதப்பட்டுவிட்டது. ஓரிடத்தில் மெய்யாக இருந்தது இன்னோரிடத்தில் பொய்யாயிற்று. அந்த நகலை மறுபடி யூ.டி.எஃப். தகட்டுக்கு எடுத்துச் சென்றால் அடையாளமும் பின்தொடரக் கூடும். அப்போது தகடும் தயார், முறையும் தயார். கோப்பு மட்டும் அசைய மறுக்கும்!

தீர்வு எளிது. கோப்பின் பண்புகளைக் காட்டும் பெட்டியில் 'படிக்க மட்டும்' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால் போதும். நூற்றுக்கணக்கான கோப்புகள் என்றால் 'ஆட்ரிப்' என்ற கட்டளை ஒரே முறையில் அதைச் செய்யும். 'எக்ஸ்காப்பி' என்ற கட்டளையால் நகலெடுத்தால், நாம் குறிப்பாகக் கேட்டாலொழிய அடையாளம் கூடவே வராது. இழுத்துப் போடும் வசதி வந்தபின் இக்கட்டளைகளை மறந்தவர்களே தொல்லைக்கு ஆளானார்கள். பின்னர் வந்த விண்டோஸ் பதிப்புகள், குறுந்தகட்டிலிருந்து இழுத்துப் போடும்போதே அடையாளத்தை நீக்கிவிடக் கற்றுக்கொண்டன.

1998-இல் வந்த டி.வி.டி. ராம் தகடுகள் வன்தட்டைப் போலவே திருத்துவதற்கென்று வகுக்கப்பட்டவை. ஒரு லட்சம் முறை எழுதத்தக்கவை. எனினும் அவற்றை ஏற்கும் கருவிகள் குறைவாக இருந்ததால் எங்கும் பரவவில்லை. குறுந்தகட்டுக்கு மவுண்ட் ரெயினியர் என்ற முறையை பிலிப்ஸ், சோனி, மைக்ரோசாஃப்ட், காம்பாக் ஆகிய நான்கு நிறுவனங்கள் கொண்டுவந்தன. தேய்ந்த இடத்தைக் கண்டு மாற்றும் பொறுப்பை மென்பொருளிடமிருந்து கருவிக்கே மாற்றியது அதன் சிறப்பு. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாதான் முதன்முதலாக, தகட்டைச் செருகியதும், திருத்தத்தக்க முறை வேண்டுமா, நிலையான முறை வேண்டுமா என்று நேராகக் கேட்டது. விண்டோஸ் 7 இதையே இன்னும் தெளிவாக, 'யூ.எஸ்.பி. ஃபிளாஷ் கருவியைப் போல' என்றும் 'சி.டி., டி.வி.டி. கருவிக்கு ஏற்றபடி' என்றும் கேட்டது. 1997-லேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேட்கப்பட்டபோது, சட்டைப் பைக்குள் அடங்கும் ஃபிளாஷ் நினைவகங்கள் கடைகளில் நிறைந்திருந்தன.

வீட்டிலோ கல்லூரியிலோ பழைய அழித்தெழுதும் தகடு இன்று அகப்பட்டால் அதிலேயே கோப்பைத் திருத்தத் துணிய வேண்டாம். படிக உருவற்ற புள்ளிகள் இயல்பில் நிலையற்றவை; படிகமாகிவிடவே முயல்பவை. வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஆகவே வெயில் படும் மேசையில் கிடந்த தகடு என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஓர் எழுத்தைத் திருத்தினாலும் 64 கிலோபைட்டும் பெயர்ப் பட்டியலும் மறுபடி எழுதப்படும் என்பதை மேலே கண்டோம். தேய்ந்த தகட்டில் அது தாங்காமல் போகலாம். முதலில் தகட்டிலுள்ள அனைத்தையும் வன்தட்டுக்கு நகலெடுக்க வேண்டும். அங்கே 'படிக்க மட்டும்' என்ற அடையாளம் ஒட்டியிருந்தால் நீக்கிவிட்டு, அந்த நகலில் திருத்தலாம். எல்லாக் கோப்புகளும் ஒவ்வொன்றாகத் திறக்கின்றனவா என்று பார்க்கும்வரை தகட்டை அழிக்காமல், உறையிலிட்டு, நிழலான இடத்தில் வைத்திருப்பது நல்லது.